துகிமானுக்கு ஒரு நல்லடக்கம்

எங்கள் கம்பெனியில் பாக் துகிமான், அதாவது துகிமான் ஐயா, இந்தக் கதை தொடங்கும்வரை நூற்றுப் பதினேழு தடவை செத்திருந்தார். எல்லாமே கேவலமான சாவு. ஒரு தடவைகூட அவரை ஒழுங்காகப் புதைத்திருக்கவில்லை. நான் சனுசி, அந்தச் சாவுகளுக்குத் தலைப்பு எழுதுகிறவன். ஆகவே இந்தக் கதையில் நான் நல்லவன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஜகார்த்தாவில் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவர்களுக்கு எங்கள் தொடரைத் தெரிந்திருக்கும். 'மண் ஏற்காத மனிதர்' என்று பெயர். வாரம் ஒரு பாவி. எடையில் ஏமாற்றுவான், பெற்ற தாயை அடிப்பான், அனாதைகளின் நிலத்தை அமுக்குவான். நாற்பது நிமிடம் ஆட்டம் போட்டுவிட்டுச் சாவான். பிணத்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும்போது ஏதாவது விபரீதம் வரும். தேனீ வரும், இடி விழும், கபுர்க்குழியில் தண்ணீர் ஊறும். மக்கள் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள், பயந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரனை நினைத்துக்கொண்டார்கள், மறுநாள் மறந்தார்கள். பிணமாக நடித்தவனும் மறுநாள் தெருவில் இறங்கி நிம்மதியாகக் காப்பி குடித்தான். அந்த மறதிதான் எங்கள் தொழிலைக் காப்பாற்றி வந்தது.

பிறகு இணையம் வந்தது. வேலைவெட்டி இல்லாத யாரோ ஒரு புண்ணியவான், சந்தூக்கு கைநழுவிக் குளத்தில் விழும் இருபது நொடியை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் குத்துப்பாட்டுப் போட்டு ஏற்றிவிட்டான். நாடே சிரித்தது. கம்பெனி அவனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. எண்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவனுக்கு வேலை கொடுத்தது. நான்காம் மாடியிலிருந்த எழுத்தாளர்களைக் கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அவர்கள் இருந்த மாடியில் 'பார்வையாளர் தக்கவைப்புத் துறை' என்று பலகை மாட்டியது.

அதன்பிறகு எங்கள் கதைகளில் மனிதர்கள் முதலில் செத்து, பிறகுதான் வாழ ஆரம்பித்தார்கள். காலை ஒன்பது மணிக்கு நான்காம் மாடியிலிருந்து ஒரு தாள் வரும். "வாத்துகள். சந்தூக்கு. சரிவான பாதை." அந்த வாத்துகளுக்கு ஏற்ற பாவத்தை எழுத்தாளர்கள் பத்து மணிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் படப்பிடிப்பு. இருட்டுவதற்குள் வெட்டி ஒட்டி ஒளிபரப்பு. தலைப்பு மட்டும் என் பொறுப்பு. 'மாமியாரின் அரிசிக் குக்கரைத் திருப்பித் தராத மருமகனின் பிணத்தை வாத்துகள் துரத்தின.' அந்த வாரம் நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்டது அதுதான். எனக்குக் கேடயம் கொடுத்தார்கள், குக்கர் வடிவத்தில்.

பாக் துகிமான் முதலில் படப்பிடிப்புத் தளத்தின் வாயிற்காவலர். பிணமாகப் படுத்த நடிகர் ஒருநாள் ஓயாமல் தும்ம, ஆத்திரத்தில் இயக்குநர் இவரைக் கூப்பிட்டுப் படுக்கவைத்தார். பிறவிப் பிணம் என்றால் இவர்தான். இமை துடிக்காது, நெஞ்சு ஏறி இறங்காது. ஒருமுறை காதுக்குள் எறும்பு போனபோதும் அசையவில்லை. 'கட்' சொன்ன பிறகு எழுந்திருக்கச் சொல்ல எல்லாரும் மறந்து சாப்பிடப் போய்விட்டோம். திரும்பி வந்தபோதும் அப்படியே படுத்திருந்தார். ஏன் பாக் என்று கேட்டால், "யாரும் எந்திரிக்கச் சொல்லலையே" என்றார். சொன்னதைச் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இணையம் அவரைப் பிரபலமாக்கியது. மூக்கில் பஞ்சு வைத்த அவர் முகம் நாட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளிலும் ஸ்டிக்கராக உலவியது. காதலி பதில் போடாவிட்டால் அவர் முகம், திங்கட்கிழமை வந்தால் அவர் முகம். சித்தாயத்தில் அவர் குடியிருந்த சந்தில் மட்டும் அந்தப் பிரபலம் வேறு மாதிரி வேலை செய்தது. அவர் மனைவி வர்சினா வீட்டு வாசலில் முட்டைக்கடை வைத்திருந்தாள். துகிமான் ஒரு கிலோ முட்டை நிறுத்தால், வாங்குகிறவர்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை நிறுக்கச் சொன்னார்கள். பள்ளிவாசலில் இறந்தவர்களின் மய்யித்தைக் குளிப்பாட்டும் ஆள் அவர் தோளில் தட்டி, "பாக், உங்கள நெஜமாவே குளிப்பாட்ட வேண்டிய நாள் வந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, நான் ஹெல்மெட் போட்டுக்கணும்" என்றான். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டார்.

"அது நடிப்புன்னு அவங்களுக்குத் தெரியும்ல, சனுசி?"

"தெரியும் பாக்."

"அப்புறம் ஏன் முட்டைய ரெண்டாவது தடவ நிறுக்கச் சொல்றாங்க?"

எடையில் ஏமாற்றும் முட்டை வியாபாரியாக அவரை மூன்று தடவை சாகடித்திருக்கிறோம்.

வர்சினாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரே கூடத்தில் இருபது கட்டில். நான்கைந்து மணி நேரம் ஊசியோடு அசையாமல் கிடக்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள்? எல்லார் கையிலும் ஃபோன். பாதிப் பேர் ஃபோனில் துகிமான் குளத்தில் விழுந்துகொண்டிருப்பார். வர்சினா வாய் சும்மா இருக்காது. "நூத்திப் பதினேழு தடவ விதவையானவ இந்த நாட்டுலயே நான் ஒருத்திதான்" என்று நர்ஸ்களைச் சிரிக்கவைப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் சிரிக்காமல் புருஷனிடம் சொன்னாளாம்:

"நம்ம ரெண்டு பேர்ல நான்தான் முன்னாடி போகப்போறேன். உங்கள எப்படி அடக்கம் பண்ணுவாங்கன்னு பாக்க நான் இருக்கமாட்டேன். ஒரே ஒரு தடவ, பொய்யாவது, நல்லவனா செத்து நல்லபடியா மண்ணுக்குள்ள போங்க. அதப் பாத்துட்டா எனக்குப் போதும்."

அவர் அதை அப்படியே மனுவாக எழுதச்சொல்லி என்னிடம் வந்தார். எழுதினேன். மேலே அனுப்பினேன். இருபது நாளில் நான்காம் மாடிக்கு அழைப்பு வந்தது. துகிமான் ஈத் பெருநாளுக்கு வாங்கிய பத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

துறையின் தலைவி மெய்லிண்டா அம்மையாரை எல்லாரும் இபு என்றுதான் கூப்பிடுவோம்; அதிர்ந்து பேசாதவர். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வேலையை விட்டுத் தூக்கும்போதுகூட நலம் விசாரித்துவிட்டுத்தான் தூக்குவார்.

"பாக், உங்க மனு எங்க மனசத் தொட்டுடுச்சு. தொட்டதுனாலதான் உடனே சோதிச்சுப் பாத்தோம்" என்று திரையைக் காட்டினார். அசம்பாவிதம் இல்லாத ஓர் அடக்கக் காட்சியை இரண்டாயிரம் பேருக்குக் காட்டியிருக்கிறார்கள். ஒரு கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய்ச் செங்குத்தாக விழுந்தது. "இது பதினோராவது நொடி. கோட்டுக்கு இந்தப் பக்கம் மக்கள். அந்தப் பக்கம் மக்கள் இல்ல."

"எங்க போனாங்க, இபு?"

"பெரும்பாலும் பூனை பாக்கப் போயிருக்காங்க."

"நல்லவன் செத்தா யாரும் நிக்கமாட்டாங்களா?"

"நேர்ல நிப்பாங்க பாக், வேற வழியில்லாததால. கையில ஃபோன் இருக்கிறப்ப யாரு நிப்பா? தப்பா நினைக்காதீங்க, நாங்க எதையும் முடிவு பண்றதில்ல. முன்னாடி ஆறு பெரியவங்க ஒரு ரூம்ல உக்காந்துக்கிட்டு, மக்களுக்கு இதுதான்னு முடிவு பண்ணாங்க. அது சர்வாதிகாரம். இப்ப மக்களே முடிவு பண்றாங்க. அவங்க என்ன முடிவு பண்ணுவாங்கன்னு நாங்க முன்கூட்டியே கண்டுபிடிச்சு, அத மட்டும் காட்டிடறோம். முடிவு பண்ற சிரமம்கூட அவங்களுக்கு வேண்டாம்னுதான்."

துகிமான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. எனக்குப் புரிந்தது, அது அதைவிட மோசம்.

"வர்சினா முழுசா பாப்பா இபு. அவ ஒருத்தி பாத்தா போதும்" என்றார்.

"ஒருத்தருக்காகப் படம் எடுக்கிற அளவுக்குத் தொழில்நுட்பம் இன்னும் வளரல பாக்" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார் இபு.

ஆனாலும் மனுவைத் தள்ளிவிடவில்லை. நிறுவனங்கள் இரக்கமற்றவை என்று சொல்கிறவர்கள் நான்காம் மாடியைப் பார்த்ததில்லை. நல்ல சாவை மேம்படுத்த ஐந்து வாரம் உழைத்தார்கள். சந்தூக்கைச் சுற்றிப் பட்டாம்பூச்சிகள் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். பதினான்கு நொடி தாங்கியது. வானத்திலிருந்து வெளிச்சம் இறக்கினார்கள்; பதினேழு நொடி, ஆனால் பாதிப் பேர் அதைச் சோப்பு விளம்பரம் என்று நினைத்துக் கடந்துவிட்டார்கள். 'நல்லவர்தான், ஆனால் இளமையில் ஒரு கோழி திருடியவர்' என்று மாற்றியதும் இருபத்தாறு நொடிக்கு எகிறியது. மாடியே கைதட்டியது. துகிமான் மட்டும், "அந்தக் கோழியும் வேண்டாம் இபு" என்று கெஞ்சினார். சமய ஆலோசகராக ஒரு உஸ்தாத்தை வரவழைத்து, நல்லவர்கள் அடக்கத்தில் வழக்கமாக என்ன நடக்கும் என்று கேட்டார்கள். "ஒண்ணும் நடக்காது. நல்லவரோ கெட்டவரோ, எல்லாரையும் சும்மாதான் புதைக்கிறோம்" என்றார் அவர். அவருக்கு நன்றி சொல்லி ஒரு பை நிறையச் சிற்றுண்டி கொடுத்து அனுப்பிவிட்டு, 'ஆதாரம் போதாது' என்று குறித்துக்கொண்டார்கள்.

கடைசியில், பெரிதாகச் செலவில்லை என்பதால், ஒரு நாள் படப்பிடிப்புக்கு அனுமதி வந்தது. டெம்பே என்ற சோயாக்கட்டி விற்று நேர்மையாக வாழ்ந்த ஒரு மனிதர், வயதாகிச் சாகிறார், அடக்கமாகிறார். கதை அவ்வளவுதான். நான் தலைப்பாக 'ஒரு நல்ல மனிதர் அடக்கமானார்' என்று எழுதிக் கொடுத்தேன். இபு மெய்லிண்டா தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"மிச்சம் எங்க, பாங் சனுசி?"

"அவ்வளவுதான் இபு."

போகோரை ஒட்டிய ஒரு மையவாடியில், நிஜமான கபுர்களுக்கு நடுவே எடுத்தோம். அப்படியொரு படப்பிடிப்பை நான் பார்த்ததில்லை. கூலிக்குச் சந்தூக்கு தூக்குகிற நால்வரும் நிஜத்தைவிட நிதானமாக நடந்தார்கள். துகிமானை இறக்கினார்கள், மேலே சாய்வாகப் பலகை அடுக்கினார்கள், மண் தள்ளினார்கள். இயக்குநர் 'கட்' சொல்லத் தாமதித்தார். விளக்குப் பிடித்தவன் மூக்கை உறிஞ்சினான்.

அப்போது நான்காம் மாடியிலிருந்து வந்திருந்த ஆள், "ஒரு பாதுகாப்புக்காக" என்று இன்னொரு தாளை நீட்டினான். சாக்கடை, விலாங்கு மீன்கள், அறுந்த கயிறு. எல்லாவற்றுக்கும் மாற்று ஒன்று எடுத்துவைப்பது துறையின் விதியாம். துகிமான் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். அவர் போய்ச் சந்தூக்கில் படுத்துக்கொண்டார். கறுப்புத் தண்ணீரில் இரண்டு தடவை விழுந்தார். முதல் தடவை விலாங்கு சரியாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் படம் எங்கள் கம்பெனியின் கைப்பேசிச் செயலியில் வந்தது. நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வர்சினா புதுத் தலைத்துணி கட்டி, ஊசி குத்தாத கையில் ஃபோனைப் பிடித்திருந்தாள். முகம் வீங்கியிருந்தாலும் கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள் போல, இருபது கட்டிலிலும் ஃபோன் எரிந்தது. பக்கத்துக் கட்டில் பாக் சுகண்டா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், "எங்க, நம்ம மாப்பிள்ளை எப்படிப் போறார்னு பாப்போம்" என்றார்.

வர்சினாவின் ஃபோனில் கயிறு அறுந்தது. சந்தூக்கு சாய்ந்தது. துகிமான் சாக்கடையில் விழுந்தார், மேலே விலாங்குகள் நெளிந்தன.

கூடத்தில் பாதி சிரித்தது. பாதி சும்மா இருந்தது. அந்தப் பாதியில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. சுகண்டாவின் ஃபோனில் நல்லடக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு இன்னொன்று காட்டி, எது தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். நான் வராந்தாவுக்கு ஓடி நான்காம் மாடிக்குப் போன் போட்டேன்.

"ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் மாத்திக் குடுங்க இபு. அந்தம்மாவுக்காகத்தான் எடுத்ததே."

"புரியுது, பாங். ஆனா அவங்க இப்ப சோதனைக்குள்ள இருக்காங்க. நாம கை வெச்சா அவங்க கருத்து சுதந்திரமா இருக்காது."

உள்ளே வந்தபோது துகிமான் சுகண்டாவின் கட்டிலருகே நின்று அவர் ஃபோனைக் கேட்டுக்கொண்டிருந்தார். சுகண்டா சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "போரடிச்சுது பாக், தள்ளிவிட்டுட்டேன். இருங்க, திரும்ப எடுக்கறேன்." எடுத்தார். விலாங்கு வந்தது. தள்ளிவிட்டவர்களின் ரசனையைப் புரிந்துகொண்டு செயலி உடனே திருத்திக்கொள்கிறது. துகிமான் அடுத்த கட்டிலுக்குப் போனார். அதற்கடுத்த கட்டிலுக்கு. ஒவ்வொரு ஃபோனாகக் குனிந்து பார்த்தார். எல்லாவற்றிலும் அவர் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தார். பத்தே முக்காலுக்குச் சோதனை முடிந்தது என்றும், மக்கள் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்றும், நல்லடக்கம் நீக்கப்பட்டது என்றும் எனக்குச் செய்தி வந்தது. கீழே ஒரு கைகூப்பும் பொம்மை.

துகிமான் மனைவியின் அருகில் வந்து உட்கார்ந்தார். வர்சினா ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"சரி விடுங்க. நீங்க அங்கதான இருந்தீங்க? எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

"நான் கண்ண மூடிட்டில்ல இருந்தேன். ஒண்ணும் பாக்கல."

"கேட்டதச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். "மொதல்ல நடக்கிற சத்தம். நாலு பேரும் ஒரே மாதிரி நடந்தாங்க. யாரும் பேசல. ஒருத்தன் மூக்க உறிஞ்சினான், சளியா அழுகையான்னு தெரியல."

"அழுகைன்னே வெச்சுக்குவோம்."

"அப்புறம் எறக்கினாங்க. கை நழுவல."

"ஆடலயா?"

"துளிகூட ஆடல. பலகை வெச்சாங்க. மண்ணு விழுந்துச்சு, பொத்து பொத்துன்னு. போகப்போக சத்தம் சின்னதாயிடுச்சு. யாரோ துஆ ஓதினாங்க, நடிக்கிற ஆளுதான், ஆனா நல்லா ஓதினான். அப்புறம் எல்லாரும் போயிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நல்லாருக்கு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, "மண்ணு விழற எடத்த மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். ஒரு மனிதன் தன் அடக்கத்தைத் தானே சொல்லி ஒருத்தியை ஆறுதல்படுத்தியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலையை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் மதியச் சாப்பாடு வரை இருந்தது.

ஒன்பதாம் நாள் வர்சினா இறந்துபோனாள்.

கம்பெனி ஆளுயரப் பூப்பலகை அனுப்பியிருந்தது. 'ஆழ்ந்த இரங்கல்' என்ற எழுத்தைவிடத் தொடரின் பெயர் பெரிதாக இருந்தது. சந்தில் நிற்க இடமில்லை. அக்கம்பக்கத்தார் மட்டுமல்ல, முகம் தெரியாதவர்களெல்லாம் ரயிலேறி வந்திருந்தார்கள். துகிமான் வீட்டு அடக்கம் என்று யாரோ இணையத்தில் போட்டிருந்தார்கள். இபு மெய்லிண்டா என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டு, "ஃபோன்ல சார்ஜ் இருக்கட்டும் பாங், கட்டாயம் ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருந்தார்.

முந்தின இரவு மழை பெய்திருந்தது. மையவாடிப் பாதை சேறு. சந்தூக்கு சேற்றில் இறங்கியதும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பயமா ஆசையா என்று தெரியவில்லை. யாரும் வழுக்கவில்லை. இடி விழவில்லை. தேனீ வரவில்லை. உஸ்தாத் சொன்னதுபோல ஒன்றுமே நடக்கவில்லை.

குழிக்குள் இறங்கி மய்யித்தை வாங்கிக்கொள்வது வீட்டு ஆண்களின் கடமை. துகிமானும் வர்சினாவின் தம்பியும் இறங்கினார்கள். எத்தனையோ தடவை குழியில் படுத்தவர், அன்றுதான் முதல்முறையாக ஒரு குழிக்குள் நின்றார், கண் திறந்தபடி. மனைவியைக் கைகளில் வாங்கி, வலப்பக்கமாகச் சாய்த்து வைத்து, கன்னம் மண்ணில் படும்படி துணி முடிச்சை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார். மேலே குழியின் நாலு பக்கமும் ஃபோன்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு முகம்கூட அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. என் கையிலும் ஒன்று இருந்தது.

அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்ல முயன்றார். முதலில் வரவில்லை. பிறகு மெதுவாக, "இவ நடிக்கல" என்றார்.

யாரும் ஃபோனை இறக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர், மரியாதையாகத்தான், கேட்டார்: "பாக், சரியா பதிவாகல. இன்னொரு தடவ சொல்றீங்களா? கொஞ்சம் சத்தமா."

பாக் துகிமான் முகத்திலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு, குரல் வந்த பக்கம் திரும்பி, இன்னொரு தடவை சொன்னார். கொஞ்சம் சத்தமாக.